அறுமீன்

மன்னவனூர் ஃபீடர் டிரிப் ஆனபோது மணி நாலரை.
கார்த்திகை மாசத்து மழை, பக்கவாட்டில் பெய்தது.
கூக்கால் பிரிவு தாண்டி
சீகை மரம் ஒன்று கம்பியைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பதாகப்
பால் வண்டிக்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் வாடகை ஜீப்பில்
பின்சக்கரம் மட்டும்தான் உழைக்கும்.
முன்சக்கரம் இரண்டும் மேலதிகாரிகள்,
திசை காட்டுவதோடு சரி.
பூம்பாறை வளைவில் அது சேற்றில் உட்கார்ந்துவிட்டது.
நானும் ஒச்சப்பனும் இறங்கி
ஏணியைத் தோளில் வைத்தோம்.

பின்னால் ஒரு பச்சைக் கார் வந்து நின்றது.
நம்பர் பலகை இந்தியாவே இல்லை.
ஓட்டி வந்தவர் புனிதவதி, ஈப்போக்காரர்,
பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.
தாய்லாந்து, பர்மா, மோரே என்று
தரைவழியாகவே பழனிக்கு வந்து மொட்டை போட்டு
குழந்தை வேலப்பரைப் பார்க்க மேலே ஏறியவர்.
"ஏணியக் கூரையில கட்டுங்கலா."
"பெயிண்ட் கீறும்மா."
"கீறட்டும்."

அந்தச் செம்மண் ஏற்றம் வந்தது.
நான் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டேன்.
கார் ஒன்றுமே பண்ணவில்லை.
உறுமவில்லை, துள்ளவில்லை, பின்பக்கம் ஆட்டவில்லை.
ஒரு சக்கரம் வழுக்கினால்
மற்ற மூன்றும் அதன் கையைப் பிடித்தன.
எப்படி என்றேன்.
"காவடி" என்றார்.

எஞ்சின் நிமிர்ந்து நிற்காதாம், படுத்திருக்குமாம்.
இந்தப் பக்கம் இரண்டு பிஸ்டன், அந்தப் பக்கம் இரண்டு,
எதிரெதிரே குத்தி
ஒன்றின் ஆட்டத்தை மற்றது அடக்கும்.
நடுவே நேர்த்தண்டு. இரு தோளிலும் ஒரே எடை.
இடும்பன் இரண்டு மலையைத் தூக்கிக்கொண்டு
நடந்த கணக்கும் அதுதானே.

ஆதியில் விமானப் பட்டறை.
யுத்தத்தில் தோற்றதும் இனிப் பறக்காதே என்று
துண்டு துண்டாக வெட்டிப் போட்டார்களாம்.
ஸ்கூட்டர் செய்தார்கள், பஸ்ஸுக்குக் கூடு கட்டினார்கள்.
பிறகு ஐந்து துண்டுகள் சேர்ந்து
ஆறாவதாக ஒரு கம்பெனி.
சுபாரு என்றால் கூட்டிச் சேர்த்தது என்று அர்த்தமாம்.

இதையெல்லாம் பாதிதான் கேட்டேன்,
கண் கம்பிமேலேயே இருந்தது.
நிமிர்ந்து கேட்டது அடுத்த கதையை.

ஜப்பானில் வடக்கே, ஆள் உயரத்துக்குப் பனி விழும் ஊர்கள்.
அங்கே மின்சார வேலைக்காரர்கள் போய்க் கேட்டார்களாம்:
ஜீப்பில் குளிர் தாங்கலை,
வீட்டுக் கார் மாதிரி இருக்கணும், பனியிலும் ஏறணும்.
எழுபதுகளின் தொடக்கம்.
உள்ளூர்ப் பட்டறையில் ஒரு சாதாரண காரைப் படுக்கப்போட்டு
வேறொரு கம்பெனியின் பின் அச்சை மாட்டிப் பார்த்தார்கள்.
ஏறியது.
இது அந்த வம்சம்.

"யாரு கேட்டது?" என்றான் ஒச்சப்பன்.
"உங்களாட்டம் ஆளுங்கதான். லைன்மேன்."
"கேட்டாங்க, குடுத்துட்டாங்களா?"
அவர் கண்ணாடியில் அவனைப் பார்த்தார்.
நாங்கள் நாலு வருஷமாகக் கேட்பது
ஒரு ஜோடி ரப்பர் கையுறை.

மரத்தை அறுத்து, கம்பியை இழுத்து, முடிச்சுப் போட்டு,
எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்தபோது மணி ஒன்பது.
அதுவரை அவர் முகப்பு விளக்கை அணைக்கவில்லை.
மன்னவனூரில் கேரட் கழுவும் மிஷின்
பசித்த மாடு மாதிரிக் கத்த ஆரம்பித்தது.
ஒட்டன்சத்திரம் லாரிகள் வரிசையாகக் கண் திறந்தன.

மழை விட்டிருந்தது.
ஒச்சப்பன் தன் தலைத்துண்டால்
காரின் மூக்கில் அப்பியிருந்த சேற்றைத் துடைத்தான்.
பெரிதாக ஒரு மீன், பொடியாக ஐந்து.
விரல் வைத்து எண்ணினான்.
பிறகு கழுத்தை ஒடித்து உச்சியைப் பார்த்து
அங்கேயும் எண்ணினான்.
"நம்ம சாமிக்குப் பால் கொடுத்தவங்க" என்றான்.
"அது தெரிஞ்சுதான் வாங்கினேன்" என்றார் புனிதவதி,
"சேல்ஸ்மேனுக்குத் தெரியாது."

மறுநாள் கையுறைக்கு ஐந்தாவது மனு எழுதினேன்.
கீழே ஒரு வரி சேர்த்தேன்:
நான்கு சக்கரமும் வேலை செய்யும் வண்டி, ஒன்று.
உதவிப் பொறியாளர் சிரித்துவிட்டு
முத்திரை குத்தினார்.

எங்கள் ஏணி போட்ட கீறல் இரண்டு
இந்நேரம் பர்மா தாண்டியிருக்கும்.