சரிவு

மன்னார்குடி பைபாஸில் மருந்துக் குடோன்.
புது ரேக் பின்பக்கம் உயரம், முன்பக்கம் தாழ்வு,
நடுவே வரிசையாய் உருளைகள்.
ஓஆர்எஸ் பெட்டி ஒன்றை உருவினால்
பின்னால் நிற்பது தானே வந்து முட்டுகிறது, டொக்.
மோட்டார் இல்லை. கரண்ட் போனாலும் வரும்.

ஆர்டர் சீட்டோடு நான் நடக்கும் நடை
பாதியாகிவிட்டதாம்; சூப்பர்வைசர் நஜ்முதீன் சொல்கிறார்.
கால் இன்னும் நம்பவில்லை.

பொருத்த வந்தவர் ரசமட்டம் வைத்துப் பார்த்துச் சிரித்தார்:
"உங்க தரையே கிழக்கே சாயுதே."
சாயும். கடல் அந்தப் பக்கம்.
அந்தச் சாய்வை நம்பித்தான்
எங்கள் கடைமடையில் புழுதியில் விதை தெளித்திருக்கிறோம்.
கல்லணை திறந்து பதினெட்டு நாள்.
வாய்க்கால் இன்னும் காய்கிறது.

ஏழாவது தடத்தில் ஒரு பெட்டி
பாதி வழியில் நின்றுவிட்டது.
உருளையில் அட்டைத் துணுக்கு.
குச்சியால் நெம்பினேன்.
வந்தது.