காய்வதற்கு இரண்டு ரயில்

பாத்திரம் தேய்க்க வாங்கின பஞ்சில்
ஒரு மூலையைக் கத்தரித்துவிட்டேன்.
"என்ன புள்ள, எலி கடிச்சதா?"
குசினியில் இருந்து ரிஸ்மியா.
எலிதான்.
பத்து நகமுள்ள எலி.

வெள்ளவத்தை. மூன்றாம் மாடி. கடற்பக்க யன்னல்.
போன ஞாயிற்றுப் பேப்பரை மேசையில் விரித்து
புறக்கோட்டை நடைபாதையில்
பேரம் பேசி வாங்கிய மூன்று கியூட்டெக்ஸ்:
வெள்ளை, கடல்நீலம்,
மூன்றாவது வெறும் மினுக்கம்.
குலுக்கினால் போத்தலுக்குள்
ஒரு சின்ன வெசாக் நடக்கும்.

அடிப்பூச்சு காய்ந்ததும்
நகத்தைச் சுற்றித் தோலுக்குப் பசை,
பள்ளிக்கூடப் பசைதான், பிறகு உரிந்து வரும்.
பஞ்சில் நீலம் ஒரு கோடு, வெள்ளை ஒரு கோடு,
ஒன்றின் விளிம்பில் மற்றது ஏறும்படி.
ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது.
அழுத பிள்ளையின் கன்னம் துடைக்கிற மாதிரி
ஒற்றி எடு, ஒற்றி எடு.
எங்கே வெள்ளை முடிந்தது, எங்கே நீலம் பிடித்தது
நகத்துக்கே தெரியக்கூடாது.

மருதானைக்குப் போகிற ரயில் மேசையை உலுக்க
சுண்டுவிரலில் ஒரு கோடு
தவறான ஸ்டேஷனில் இறங்கிவிட்டது.

இடது கை அழகு. அது வலது கையின் வேலை.
வலது கைக்கு வாய்த்த இடது கையோ
நேற்றுச் சேர்ந்த வேலைக்காரி,
நகத்தைவிட விரலுக்கே கூடப் பூசுகிறாள்.

ஒரு நாளைக்குத்தான் இவ்வளவும்.
திங்கள் தொடக்கம் சனி வரை
பல் டொக்டரின் பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாய் பிடிக்கிறேன்.
நகப்பூச்சு கூடாதென்று
கையுறைப் பெட்டிக்கு மேல் ஒட்டியிருக்கிறது
மூன்று மொழியிலும், எழுத்துப் பிழையோடு.
சனி இரவு பூசி ஞாயிறு இரவு அழிப்பேன்.
பூசும் நேரத்தையும் அழிக்கும் நேரத்தையும் கழித்துப் பார்த்தால்
கணக்கு எனக்கே வெட்கம்.

"கொண்டா இங்க."
ஈரக்கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு
ரிஸ்மியா எதிரே உட்காருகிறாள்.
நாள் முழுக்க உடைந்த ஃபோன்களின் கண்ணாடி மாற்றுகிறவள்,
மூச்சைப் பிடித்துக்கொள்ளத் தெரியும் அவளுக்கு.
ஒற்றி எடுத்தாள். ஐந்து நகமும்
விடியற்காலைக் கரை மாதிரி,
ஈரமும் மணலும் பிரியாமல்.

அவள் பூசுவதில்லை.
ஒழுச் செய்யும்போது தண்ணீர் நகத்தில் படவேணும் என்று
வந்த மாதம் ஒருதரம் சொன்னாள்,
வாடகைப் பங்கைச் சொன்ன அதே குரலில்.

இன்றைக்கு என்னுடையதை முடித்தவள்
போத்தலை மூடவில்லை.
தன் கையைப் பேப்பரில் விரித்தாள்,
ஒரு மரண அறிவித்தலுக்கும் மரக்கறி விலைக்கும் மேலாக.
நான் கேட்கவில்லை. அவளுடைய நாட்காட்டி அவளுக்கு.
"நீலம் வேணாம். மினுக்கம் மட்டும்.
நிறையப் போடு, புள்ள."
போட்டேன். விளிம்பில் அடர்த்தியாய்,
அடியில் வர வர ஐதாக்கி.
அவள் கையைத் திருப்பித் திருப்பி
குழல்விளக்குக்குக் காட்டினாள்,
விளக்கும் ஏதோ பதில் சொன்னது.

காய இரண்டு ரயில் ஆகும்.
ஒன்று போய்விட்டது.
அம்மாவின் அழைப்பு மேசையில் நடுங்கி நடுங்கி
விளிம்புவரை ஊர்ந்து நிற்கிறது.
இருபது நகத்தையும் விரித்தபடி
பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பாணந்துறைப் பக்கமிருந்து வரவேண்டியது
இன்னும் வரவில்லை.
குசினியில் கேத்தல் கொதிக்கத் தொடங்கிவிட்டது.
நீ போ என்கிறாள்.
நீ போ என்கிறேன்.