எண்பத்தேழு

அமலோற்பவம் சொன்னது இவ்வளவுதான்:
"எண்பத்தைந்து வரைக்கும் நல்ல பிள்ளை.
எண்பத்தேழில் ஆரம்பிக்கும்.
தொண்ணூற்றைந்தில் ஒன்றுமே நடக்காதமாதிரி அடங்கிவிடும்.
தனுஷ்கோடி போய்வந்ததில்
இந்த மோதிரவிரல்
இரண்டு நாள் என்னுடையதாக இல்லை."

சங்கிலி இல்லாத வண்டி.
எஞ்சினுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே
குழாய்க்குள் சுழலும் இரும்புத் தண்டு,
இரண்டு முனையிலும் மடங்கும் மணிக்கட்டு.
முதலியார்பேட்டையில் இதைத் திறந்து மூடத் தெரிந்த கை
என்னுடையது ஒன்றுதான் என்று
நானே பலபேரிடம் சொல்லியிருக்கிறேன்.

முதல் வாரம் கார்புரேட்டர்.
இரண்டு சிலிண்டரும் ஒரே மூச்சில் இழுக்கிறதா என்று
கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏற்றிப் பார்த்தேன்.
நூலளவு வித்தியாசம். திருகினேன்.
எண்ணூறு ரூபாய்.
மறுநாள் போனில்,
"எண்பத்தேழு, தம்பி."

அடுத்த வாரம் பின்சக்கரம்.
ஸ்க்ரூடிரைவர் பிடியைக் காதில் வைத்து
பேரிங் என்ன முணுமுணுக்கிறது என்று கேட்டேன்.
ஒன்றும் முணுமுணுக்கவில்லை.
ரிம்மில் இருபது கிராம் ஈயம் ஒட்டி
ஆயிரத்து இருநூறு வாங்கினேன்.
"எண்பத்தேழு."

மூன்றாம் முறை நானே எடுத்துக்கொண்டு போனேன்.
அரியாங்குப்பம் பாலம், தவளக்குப்பம்,
கிருமாம்பாக்கத்தில் குறுக்கே புகுந்த மீன் ஆட்டோ,
கன்னியக்கோயிலில் இன்னும் ஷட்டர் தூக்காத சரக்குக் கடைகள்.
ரெட்டிச்சாவடி தாண்டி சாலை கொஞ்சம் காலியான இடத்தில்
தொண்ணூற்றிரண்டுக்குக் கொண்டுபோய்
கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்தேன்.

காற்று மட்டும்.
முள் இறங்கியது.
எண்பத்தொன்பது. எண்பத்தெட்டு.
வந்தது.
கண்ணாடியில் ஒரு லாரி இரண்டானது.
மிதிகம்பி வழியாக ஏறி
முழங்காலில் உட்கார்ந்துகொண்டது.
எண்பத்தைந்தில் இறங்கிப் போயேவிட்டது.

அப்படியானால் எஞ்சின் குற்றவாளி இல்லை.
பெண்ணையாற்றுப் பாலத்துக்கு முன்னால்
அந்த எண்ணூறு ரூபாய்
சட்டைப்பையில் கனத்தது.

பட்டறைக்கு வந்து தண்டை உருவி
தினத்தாள் மேல் கிடத்தினேன்.
முன்கவையும் பின்கவையும்
ஒரே திசை பார்க்க வேண்டும்.
முன்னது தடுமாறும் அதே கணத்தில்
பின்னது எதிர்ப்பக்கம் தடுமாறி
கணக்கைக் கழித்துவிட வேண்டும்.
இங்கே இரண்டும்
பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள்மாதிரி
ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.
இரண்டு பல் வித்தியாசம்.

"யாருண்ணே இப்படிப் பூட்டினது?"
என்றான் ஞானதிலகன்.

நோட்டில் இருந்தது. என் கையெழுத்து.
போன ஐப்பசி, ரப்பர் உறை மாற்றம்.
தீபாவளிக்கு முந்தின நாள், மழை, கரண்ட் இல்லை.
செல்போன் வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு
கழற்றுமுன் குறி போடாமல் கழற்றி
பல்லுக்குப் பல் உட்கார்ந்ததும் போதும் என்று மூடினேன்.
எந்தப் பல்லானாலும் உட்காரும்.
அதுதான் சங்கதியே.

ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு
பெண்ணையாறு வரைக்கும் தேடியிருக்கிறேன்.

பொய் ஒன்று நாக்கு நுனியில் தயார்:
தேய்மானம், மேடம்.
நம்புவார். குழாய்க்குள் எட்டிப் பார்த்தவர் யார்?

பக்கத்துத் தையல்கடையில் நகச்சாயம் வாங்கி
இரண்டு கவைக்கும் சேர்த்து ஒரே கோடு இழுத்தேன்.
காய்கிறவரை ஊதினேன்.
கிரீஸ் தடவி, கோட்டுக்குக் கோடு பார்த்துப் பூட்டினேன்.

நாலு மணிக்கு வந்தார்.
"நான் பூட்டினது தப்பு. போன ஐப்பசியில்."
இரண்டாயிரத்தை டேங்க் மேல் வைத்தேன்.

"எத்தனை பல்?"
"இரண்டு."
"இரண்டு பல்லுக்கு ஒரு விரலா" என்றார்.
வேண்டாம் தம்பி என்பார் என எதிர்பார்த்தேன்.
எண்ணிப் பார்த்தார். மறுபடி எண்ணினார்.
பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

ஐந்தரைக்கு மஞ்சக்குப்பத்திலிருந்து செய்தி:
"தொண்ணூறு வரை பார்த்தாச்சு. டீ குடிக்கிறேன்."

கட்டைவிரலில் சிவப்பு இன்னும் போகவில்லை.
நோட்டில் அதே தேதிக்குக் கீழே
இன்னொரு வண்டி. அதே ரப்பர் உறை.
நெல்லித்தோப்பு முகவரி.
இதுவரை புகார் இல்லை.
நம்பரை அழுத்தினேன்.
மணி போகிறது.