எந்த பி பிளாக்

ஒன்பதரை மணி. பாயான் லெப்பாஸ் சாலையில்
ஆலை ஷிப்ட் பஸ்கள் காலியாகத் திரும்புகின்றன.
சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி.
அதற்குள் ஒரு பக்கம்
மொத்தத் தொகையைச் சொல்ல மாட்டேன் என்கிறது.

பட்டர்வொர்த் கிடங்கிலிருந்து நோர்சியா
மூன்றாம் முறையாக அழைத்துவிட்டாள்.
எல்லாம் வருகிறதாம்,
ஜும்லா மட்டும் தியாடா.

ஜும்லா. அதுதான் அந்த லேபிளின் பெயரும்.
நூற்றுப் பதினான்காம் வரி,
கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது.
பெயர் சொல்லி சர்வரிடம் கேட்கிறேன்.
நல்.
எழுத்துக் கூட்டிக் கேட்கிறேன்.
நல்.

எனக்கு முன் இதை எழுதிய சூன் ஹுவாட்
பெர்த்துக்குப் போய்விட்டான்,
பெட்டிக்குள் பெட்டி வைத்துவிட்டு.
பேனல் பிரச்சினையில்லை, அது வெறும் வேலி,
தேடல் தாண்டிவிடும்.
ரிப்பீட்டரின் ஒவ்வொரு வரிசையும் தனி வீடு.
வாசலில் பெயர்ப்பலகை கண்டால்
சர்வர் உள்ளே காலெடுத்து வைக்காது,
கையை விரித்துக்கொண்டு திரும்பிவிடும்.
கடைசி வீட்டில், ஃபூட்டரில்,
சுருண்டு கிடக்கிறது என் ஜும்லா.

கைபேசி.
"காக், நாசி கண்டார் கொடுத்தாச்சு."
யாரிடம்?
"பி பன்னிரண்டு ஏழு. அங்கிள் வாங்கிக்கொண்டார்."
நான்தானே பி பன்னிரண்டு ஏழு.
கதவைக்கூடத் திறந்து வைத்திருக்கிறேன்.

சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு பி பிளாக்,
அந்தப் பக்கம், இரண்டாம் கட்டத்தில், இன்னொன்று.
கட்டியவனைக் குறை சொல்ல முடியாது.
மதில் வேறென்றால் பெயர் ஒன்றாக இருக்கலாம்,
நானே எத்தனை பக்கங்களில் அப்படி வைத்திருக்கிறேன்.

பசியோடு உலாவியில் மூலத்தைப் பிரித்தேன்.
வெளியே போகும்போது ஜும்லா ஜும்லாவாகப் போவதில்லை.
சி டி எல் கோசோங் கோசோங், அடிக்கோடு,
உள்ளடக்கம், அடிக்கோடு,
பட்டியல், அடிக்கோடு,
இன்னொரு கோசோங், இன்னொரு எண்,
மூச்சு வாங்கிக் கடைசியில்தான் ஜும்லா.

என் அடையாள அட்டையிலும் இந்தக் கூத்து உண்டு.
மிருணாளினி அனாக் பெரம்புவான் வேதாசலம்.
வங்கியில் முழுவதும் வாசித்து முடிக்கும்வரை
எழுந்திருக்க மாட்டேன்.
எனக்கு ஓர் அப்பா, அதுவும் பின்னால்.
அவளுக்கு அப்பன், பாட்டன், பூட்டன்
எல்லாரும் வரிசையாக முன்னால்.

மிரு என்று கூப்பிட
வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

அதுதான் வழியும்.
பக்கத்தைக் கேட்கக் கூடாது.
வரிசைகள் பிறக்கும் நேரத்தில் அருகில் நின்று,
நீ ஃபூட்டரா என்று பார்த்து,
அந்த வீட்டுக்குள் போய், அங்கே கேட்க வேண்டும்.
அதற்கு முன்னால் போனால் பிறந்திருக்காது.
பதில் அனுப்பிய பின்னால் போனால்
பக்கமே செத்துப் போயிருக்கும்,
அடுத்த சொடுக்குக்குப் புதிதாகப் பிறக்க.

ஏழு வரி எழுதினேன்.
ரிங்கிட் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு, அறுபது சென்.
நோர்சியா கட்டைவிரல் அனுப்பினாள்.

சூன் ஹுவாட்டைத் திட்டியது போதும்.
நல் நாணயமான பதில்.
இல்லை என்றால் இல்லை என்கிறது.
வேறொருவரைக் கொண்டுவந்து நிறுத்தி
இதோ நீ கேட்ட ஆள் என்று சொல்வதில்லை.

சாலையைக் கடந்தேன்.
அந்த பி, அந்தப் பன்னிரண்டு, அந்த ஏழு.
பனியனோடு ஒரு சீனர், பல்குச்சி வாயோரத்தில்.
நான் வாயைத் திறக்குமுன் மலாயில் சொன்னார்:
சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பியிருக்கிறான்,
இப்போதுதான் சாப்பிட்டேன்,
காரம் கொஞ்சம் அதிகம்.

பின்னால் மேசையில்
எலும்பு ஒதுக்கிய பழுப்புக் காகிதம்,
என் வெண்டைக்காயின் காம்பு,
கூவா பாஞ்சிர் ஊறிய மூலை.

முகவரி சரிபார்க்க வந்தேன் என்றேன்.
சரிதான் என்றார் அவர்.

லிஃப்டில் இறங்கும்போதுதான் நினைவு வந்தது,
அவர் பெயரை நான் கேட்கவில்லை.