கண்ணாடிப் புட்டி

முதல் மூத்திரம்தான் வேண்டுமாம்.
விடிகாலை, டீ குடிப்பதற்கு முன்னே.
பல்கலைக்கழகத்துப் பெண் ரெஜினா
கண்ணாடிப் புட்டி மூன்று கொடுத்துவிட்டுப் போனாள்.
பிளாஸ்டிக் டப்பாவில் பிடித்தால்
டப்பாவில் உள்ளதும் சேர்ந்து வந்துவிடும்,
எது உங்களுடையது, எது டப்பாவுடையது என்று
பிரிக்க முடியாது அக்கா, என்றாள்.

அன்றைக்கு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன்.
குடம், வாளி, மக்கு, ஊறுகாய் டப்பா,
காரை பெயர்ந்த தரையை மறைக்க
ஆத்தங்குடிப் பூப்போட்ட வினைல் விரிப்பு.
எது என்னுடையது?

காரைக்குடிப் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னே
மெஸ்ஸில் பார்சல் கட்டுகிறேன், பதினோரு வருஷம்.
பையை ஊதித் திறந்து, கொதிக்கிற குழம்பை ஊற்றி,
முறுக்கி, ரப்பர் பேண்டைச் சுண்டி இழுத்தால்
பதினெட்டு நொடி.
உப்புக்கறி என்றால் இன்னும் இரண்டு.
எண்ணெய் வழுக்கும்.
வெறுங்கையால் தொடக்கூடாது என்று
உணவு ஆபீசர் சொன்னதிலிருந்து
வெள்ளை வினைல் கையுறை, பெட்டிக்கு நூறு.
கழற்றும்போது உள்ளங்கை ஊறி வெளுத்திருக்கும்.
சுத்தம்தானே என்று மாட்டிக்கொண்டேன்.

ரெஜினா சொன்னாள்:
நெகிழி என்று பேர் வைத்தோமே,
அது தானாய் நெகிழாது, அப்பளமாய் உடையும்.
இளக்குவதற்கென்று ஒன்றைச் சேர்ப்பார்கள்.
சேர்த்தது ஒட்டிக்கொள்ளாது, சும்மா நடுவில் தங்கியிருக்கும்.
சூடு கண்டால், எண்ணெய் கண்டால்
புறப்பட்டுவிடும்.

எனக்குப் புரிந்தது.
நாற்பத்திரண்டு பங்காளிகள் உள்ள வீட்டில்
பின்கட்டு அறையொன்றில் நாங்களும் அப்படித்தான்.
யாராவது சூடாய் ஒரு சொல் சொன்னால்
பாயைச் சுருட்ட வேண்டும்.

என் எண் நூற்றுப் பன்னிரண்டு.
கூடுதலா?
இந்த வேலை பார்க்காதவர்களுக்கு முப்பது, நாற்பது.
அதனால்தானா, என்றேன்.
எதனால் என்று அவள் கேட்கவில்லை.
கல்யாணமாகி ஒன்பது வருஷம் என்று
படிவத்தில் எழுதியதே அவள்தான்.
ஹார்மோனைக் குழப்பும் அக்கா.
ஆண்களுக்கு விந்தைக் குறைக்கலாம், குறைமாதம் ஆகலாம்.
உங்களுக்கு இதனால்தான் என்று சொல்ல முடியாது.
இதனால் இல்லை என்றும்.

இவருக்கு வயரிங் வேலை.
வயரின் தோலைப் பல்லால் கடித்து உரிப்பார்,
பதினாறு வயசிலிருந்து.
ராத்திரி எல்லாவற்றையும் சொன்னேன்.
வைரவன் எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.
வேறொன்றும் பேசவில்லை.
மறுநாள் அவர் பையில் புதுசாய் ஒரு கட்டிங் பிளேயர்.

தைப்பூசத்துக்கு முதலாளி பழனிக்கு நடந்தார்.
மெஸ் பத்து நாள் பூட்டு. சம்பளம் இல்லை.
வீட்டில் மண்சட்டிக் குழம்பு, எவர்சில்வர் தூக்கு.
ஆறாம் நாள் விடிகாலை இரண்டாவது புட்டி.
எண் வர மாசி ஆகிவிட்டது.
முப்பத்தேழு.
உடம்பு இதைச் சேர்த்து வைக்காது அக்கா,
ஒரு நாளிலேயே பாதிக்கு மேல் இறங்கிவிடும், என்று சிரித்தாள்.
சரி, இறங்கும். தினமும் ஏறினால்?
சிரிப்பு நின்றது.

பதினோராம் நாளே கடை திறந்திருந்தோம்.
முதலாளியின் பாதத்தில் கொப்புளம்,
துணி சுற்றியபடி கல்லாவில் உட்கார்ந்தார்.
உனக்குன்னு தனியா வேண்டிக்கிட்டேன் தாயி,
அடுத்த தைக்குள்ள தொட்டி கட்டணும்,
என்று பஞ்சாமிர்தம் ஒரு டப்பா நீட்டினார்.
அரைக் கிலோ. மஞ்சள் மூடி. பிளாஸ்டிக்.
நெகிழ்ந்துதான் போனேன்.
கையுறையைக் கழற்றிவிட்டு
இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவது புட்டி பரணில் சும்மா கிடக்கிறது.
இன்னும் மூடி திறக்காதது. மாற்றி வைக்கலாம்தான்.
எதற்கு வந்த புட்டி என்று நினைத்தால்
மனசு ஒப்பவில்லை.
டப்பாவிலிருந்தே விரலால் வழித்துச் சாப்பிட்டோம்.
நாலு நாள் வந்தது.