மூன்று கால் சுவிட்ச்

மேட்டின் பாதியில் மறுபடி செத்தது.
உப்பு மூட்டை நூற்றிருபது. மணி பதினொன்று.
ஹெர்மெலிண்டா ஈரத்துணியோடு இறங்கினாள்.
காய்ச்சல் நெற்றியில் பத்துப் போடுகிறவள்போல
இஞ்சினை ஒட்டிய பம்பின்மேல் போர்த்தினாள்.
ஆவி எழுந்தது.

"நாலாயிரத்து நூறு மீட்டர்.
இங்கே பெட்ரோலுக்கும் பொறுமை இல்லை,
தொட்டால் கொதிக்கிறது" என்றேன்.
சிரிக்கவில்லை. கோக்கா இலையை
இடக்கன்னத்திலிருந்து வலக்கன்னத்துக்கு மாற்றினாள்.
"ஆவியை உறிஞ்சி எந்த வண்டி மலை ஏறும்?
டேங்க் பக்கத்தில் இன்னொன்று வேண்டும்.
பின்னாலிருந்து தள்ள."

சல்யாபாட்டா சந்தையில் பேரம் பேசி
கைக்கடக்கமாய் ஒரு மின்பம்ப்.
ரிலே, ஓடாத பேருந்தின் ஹாரனிலிருந்து.
மல்லாந்து இருவரும் வண்டிக்கடியில்.
லாமா சாணம், குளிர்ந்த மண், எங்கள் பாவாடை
எல்லாவற்றிலும் பெட்ரோல் வாடை.
டேங்கின் அடிமட்டத்துக்கும் கீழே வைத்தோம்:
இதற்குத் தள்ளத்தான் தெரியும்,
உறிஞ்சத் தெரியாது.
முன்னால் ஒரு ஃபில்டர். அதிராமல் இருக்க
பழைய டயரில் நறுக்கிய நாலு துண்டு.

சிவப்பு வயர் தீர்ந்துவிட்டது.
"பச்சையைச் சிவப்பு என்று வைத்துக்கொள்."
பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஃப்யூஸ்,
அங்கிருந்து ரிலே, ரிலேயிலிருந்து பம்ப்.
"டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் போதாதா?
வேண்டும்போது போட்டுக்கொள்ளலாமே?"

அவள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.
"தியோடோசியோவும் அப்படித்தான் சொன்னான்."

அந்த வளைவில் தார் இன்னும் கொப்புளமாய் இருக்கிறது.
வண்டி கவிழ்ந்தது, இஞ்சின் நின்றது.
பம்ப் மட்டும் நல்ல பிள்ளையாய்
இறைத்துக்கொண்டே இருந்தது.
மீதியை இருவரும் பார்த்தோம்,
பேசுவதில்லை.

அதனால் மூன்று கால் சுவிட்ச்.
சாவி திருகும் கணத்தில் ஸ்டார்ட்டரிடம் கடன் வாங்கும்.
பிறகு ஆயில் அழுத்தம் இருந்தால்தான் மின்சாரம்.
இஞ்சின் மூச்சு விட்டால் இது கொடுக்கும்.
விடாவிட்டால் கொடுக்காது.
அவ்வளவுதான் அதன் நியாயம்.

திருகினேன்.
ரிலே நாக்கைத் தட்டியது, பம்ப் வாய் திறக்கவில்லை.
ஒரு மணிநேரம் வயர் வயராய்த் தடவி
கடைசியில் எர்த்.
பெயின்ட்மேல் முறுக்கியிருந்தேன்.
சுரண்டினேன்: மேலே நீலம்,
வால்டர் போன வருஷத்துக்கு முந்தி அடித்தது;
அதன் கீழே பச்சை, துரு,
அப்புறம் பளிச்சென்று இரும்பு.

வால்டர் அவளுக்குத் தம்பி. எனக்குப் புருஷன்,
அல்லது புருஷனாய் இருந்தவன்.
மூன்று வருஷமாய் அந்தோஃபகாஸ்தாவில்.
சனிக்கிழமைதோறும் அவன் நம்பருக்கு
நான் காசு ஏற்றுகிறேன்.
அந்தப் பக்கமிருந்து ஒரு மணியும் அடித்ததில்லை.

"சுத்தமாச் சுரண்டு" என்றாள் ஹெர்மெலிண்டா.
நீலத்தைத்தான் சொன்னாள்.
"விழலுக்கு இறைக்கிறவள்னு என்னைச்
சொல்லத்தானே வாய் துடிக்கிறது?"
"பம்பைப் பத்திப் பேசறேன், அட்டெல்மா.
பம்பைப் பத்தி மட்டும்."

டிக் டிக் டிக் டிக்.
சுவருக்குள் அடைபட்ட பூச்சிபோல.
கார்புரேட்டர் நிறைந்தது, இஞ்சின் இருமிப் பிடித்தது.
பிறகு சோதனை: அவள் ஸ்டார்ட்டருக்குப் போகும்
வயரில் கைவைக்காமல்,
இக்னிஷன் காயிலின் முனையை மட்டும் பிடுங்கினாள்.
சாவி போட்டது போட்டபடி. இஞ்சின் நின்றது.

"கேட்குதா?"
"என்ன?"
"அதான். ஒண்ணும் கேக்கக்கூடாது."

மறுநாள் மேட்டைத் தாண்டினோம்.
பாதியில் நிற்கவில்லை.
ஈரத்துணி கொக்கியில் காய்ந்து
கருவாடாய் விறைத்துத் தொங்கியது.

சனிக்கிழமை.
ஃபோனுக்குக் காசு ஏற்றும் பெட்டிக்கடை,
வழக்கமான திருப்பம், இரண்டாம் கியர்.
ஹெர்மெலிண்டா எதிர்ப்பக்கம்
மலையில் எதையோ ரொம்ப அக்கறையாய்ப் பார்த்தாள்.
நிறுத்தினேன்.
இறங்கிப் போய்
ரொட்டி வாங்கினேன், நாலு.
சூடாக இருந்தது.