இருபத்தோராவது வளைவு

பல்வலி பதினொன்றாவது கொண்டை ஊசி வளைவில் ஏறிக்கொண்டது.
டிக்கெட் எடுக்கவில்லை.
மழை. வைப்பர் ஒரு பக்கம்தான் ஓடும்.
ஐம்பத்திரண்டு பேர் என் முதுகுக்குப் பின்னால்
வாந்திக்கு எலுமிச்சம்பழம் முகர்ந்துகொண்டிருக்க
கியரை இரண்டுக்கு இறக்கினேன்.
மேல் கடைவாயில் யாரோ ஆணியை இறக்கினார்கள்.

கண்டக்டர் தீர்த்தகிரி கிராம்பு கொடுத்தான்.
மேல் பல், கை வைக்காதே, கண் போய்விடும் என்று
டிப்போவில் ஆறு பேர் சத்தியம் செய்தார்கள்.
டிரைவரிடம் கண்ணைச் சொன்னால் போதாதா?
பதினெட்டு நாள் மாத்திரையில் ஓட்டினேன்.

பத்தொன்பதாம் நாள் வலி நின்றது.
மாதம்மாள் கோட்டை மாரியம்மனுக்கு
மாவிளக்கு போட்டுவிட்டு வந்தாள்.
நரம்பு செத்தாலும் வலி நிற்கும் என்று
எங்களுக்கு யார் சொன்னார்கள்?
பிரேக் போன வண்டியும்
இறக்கத்தில் சத்தம் போடாது.

கன்னம் வீங்கியது.
சேலம் மாம்பழம் என்றான் தீர்த்தகிரி.

ஜங்ஷன் பக்கம் பல் டாக்டர் கோகுலவாணன்
திறந்து, மூன்று வேர்க்கால்வாய் கண்டார்.
நான்காவது இருக்க வேண்டும், சிக்கவில்லை.
"இதற்கு மேல் நான் துழாவுவது தப்பு.
வேர் சிகிச்சையே வேலையாக இருப்பவரிடம் போங்கள்."
சீட்டு எழுதும்போது அவருக்கு வெட்கமில்லை.
தெரியாத ரூட்டில் ஸ்டியரிங்கை விட்டு இறங்குகிறவனை
நான் அதிகம் பார்த்ததில்லை.

ஃபேர்லேண்ட்ஸ், இரண்டாம் மாடி. டாக்டர் ஹசீனா.
வாயைப் பார்க்கும் முன்பே கேள்விகள்:
பிரஷர் உண்டா, ரத்தம் இளக மாத்திரை உண்டா,
எந்த மருந்தாவது சேராதா, சர்க்கரை?
இல்லை என்றேன். டிப்போவிலும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.
அவர் அதே குரலில் இன்னொரு முறை கேட்டார்.
சொல்லிவிட்டேன்.

ஊசி. உதடு யாருடையதோ ஆனது.
பச்சை ரப்பர் விரிப்பில் ஒரு ஓட்டை,
அதில் என் பல் மட்டும் வெளியே;
எச்சில் பல்லுக்குள் போகக் கூடாதாம்,
கருவி தொண்டைக்குள் விழக் கூடாதாம்.
"வலித்தால் இடது கையைத் தூக்குங்கள்."
'ஓட்டுநருடன் பேசாதீர்' பலகைக்குக் கீழே
இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவன் நான்.
அன்று பேசாமல் இருப்பது என் முறை.

நுண்ணோக்கியில் கண் வைத்துக்
கம்பியை மயிரிழை மயிரிழையாய் விட்டார்.
வேரின் நுனி வந்ததும் ஒரு மெஷின் பீப் என்றது.
ரிவர்ஸில் தீர்த்தகிரி 'வா வா வா' சொல்லி
தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவானே, அது.

"நாலாவது கிடைத்துவிட்டது" என்றார், யாரிடமோ.
"வளைந்திருக்கிறது. அவசரப்பட்டால் கம்பி முறியும்."
என் கால் தன்னால் கிளட்சைத் தேடியது.

ஒன்றேகால் மணி நேரம்.
இரண்டு மூன்று நாள் கடித்தால் நோகும், பயம் வேண்டாம்;
மறுபடி வீங்கினால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வாருங்கள்;
இப்போது வைத்திருப்பது தற்காலிக அடைப்பு,
அந்தப் பக்கம் மெல்லாதீர்கள்;
நிரந்தர அடைப்பும் மேலே தொப்பியும் போடாமல்
வேலை முடியாது.

தொப்பியின் விலையைக் கேட்டுவிட்டு
பொங்கல் கழியட்டும் என்றேன்.
வலிதான் இல்லையே.
ஐந்தாம் வாரம், அம்மாபேட்டைத் தள்ளுவண்டியில் தட்டுவடை செட்,
காரச் சட்னி தூக்கலாக, பழக்கமான பக்கம்.
மடக்.
என் வாயிலிருந்து என் பல்லின் ஒரு சுவரை
விரலால் எடுத்துப் பார்த்தேன். பீட்ரூட் ஒட்டியிருந்தது.

ஹசீனா திட்டவில்லை.
படம் எடுத்து, வெகுநேரம் பார்த்து,
"வேர் பிளக்கவில்லை. உங்கள் அதிர்ஷ்டம்" என்றார்.
எல்லாருக்கும் அப்படி வாய்க்காதாம்.
உள்ளே மறுபடி சுத்தம் செய்து அடைத்தார்,
தூண் கட்டினார், தொப்பி போட்டார்.
கணக்கு போட்டேன்: பொங்கலுக்கு மிச்சம் பிடித்ததைவிட
இரண்டு மடங்கு போனது.

கடைசி நாள் படிவத்தில் ஒரு கட்டம் காலி.
"என்ன வேலை உங்களுக்கு?"
"ஏற்காடு பஸ் ஓட்டுகிறேன்."
"ஐயோ, அந்த வளைவுகளா?
மேலே போய்ச் சேரும் வரை கண்ணை மூடிக்கொள்வேன்."

இங்கே நானும் அப்படித்தான்
என்றேன்.